குரலுக்கேற்ற சுருதி

மைசூர் நகரில் தேவராஜ மொஹல்லா என்றால், அவ்வூரில் வாழும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள பெரிய சந்தைதான். மல்லிகைச் சரமும் வெற்றிலைக் கவுளியும் நஞ்சன்கூட்டு ரசபாளைப் பழமும் குவிந்து கிடக்கும் அச்சந்தையின் இரைச்சலைக் கடந்து சிவராம்பேட்டைப் பக்கம் நடந்தால், வேறொரு வகை ஓசைக்குப் பேர்பெற்ற இடம் ஒன்று உண்டு. சங்கீத வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா அமைத்த ராம மந்திரமே அது. சந்தையில் ஒவ்வொருவரும் தத்தம் குரலை எட்டிய மட்டும் உயர்த்திக் கூவுகின்றனர். மந்திரத்திலோ, பாடுவோர் முதலில் சுருதி கூட்டி, அந்தச் சுருதிக்குள் தம் குரலை அடக்கி அமர்கின்றனர். இவ்விரண்டு ஓசைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது. அதைப் பற்றியே இங்குச் சிந்திக்கப் போகிறோம்.

கூடிப் பாடும்போது ஒருவர் தமக்கு ஒவ்வாத சுருதியில் பாட நேர்ந்தால் என்ன செய்வது? பஜனை கோஷ்டியிலும், நவராத்திரிக் கொலுவிலும், பள்ளி ஆண்டு விழாவிலும், தமிழ்ச் சங்கத்து மேடையிலும் அன்றாடம் எழும் கேள்வி இது. எட்டாத ஸ்தாயியை எட்ட முயன்று கழுத்து நரம்பு புடைக்கப் பாடும் சிறுமியையும், குரல் உடையும் பருவத்தில் வாயை மட்டும் அசைத்து நிற்கும் சிறுவனையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்களிடம் "உனக்குச் சாரீரம் இல்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகின்றனர். அன்றோடு அக்குழந்தை பாட்டை விட்டுவிடுகிறது. சாரீரம் இல்லாமையன்று அங்குக் குறை. இடம் பொருந்தாமையே குறை. இதை நம் முன்னோர் எவ்வாறு உணர்ந்தனர், மேனாட்டார் எவ்வாறு உணர்ந்தனர், இரண்டு நெறிகளும் சந்தித்த மைசூரில் என்ன நிகழ்ந்தது என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் நம் மொழியைக் கேட்போம். பழந்தமிழ் இசையில் ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். இவற்றுள் முதலாவதாகிய குரலை இன்றைய ஷட்ஜம் என்று 1917ஆம் ஆண்டில் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் ஆபிரகாம் பண்டிதர் கொண்டார். மனிதனுடைய தொண்டையில் எழும் ஒலிக்கும் குரல் என்றே பெயர். இசைக்கு நிலையாகிய ஆதார சுரத்துக்கும் குரல் என்றே பெயர். பாடுகின்றவன் குரல் எங்கே இயல்பாக நிற்கிறதோ, அங்கேயே இசையின் குரலும் நிற்க வேண்டும் என்று இப்பெயர் ஒற்றுமைக்கு நாம் பொருள் கொண்டால் அது பிழையாகாது. மேலும், மந்தர ஸ்தாயியை மெலிவு என்றும், மத்திய ஸ்தாயியைச் சமன் என்றும், தார ஸ்தாயியை வலிவு என்றும் அவர்கள் வழங்கினர். ஒரு சுரத்தை விடுத்து மற்றொரு சுரத்தைக் குரலாகக் கொண்டு பண்களைப் பெயர்க்கும் முறையும் சிலப்பதிகாரக் காலத்திலேயே வழக்கில் இருந்தது. ஆதாரத்தை இடம் மாற்றுவது ஆகாத செயல் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை.

பிற்காலத்தில் ஆர்மோனியம் நம் நாட்டுக்கு வந்தபின், அதன் கட்டைகளைக் கொண்டே சுருதியை அளக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளைக் கட்டைகளையும், ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளையும் எண்ணுகிறோம். இன்று ஆண்களிற் பெரும்பாலோர் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்களிற் பெரும்பாலோர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுகின்றனர். அதிர்வெண்ணாற் சொன்னால், ஒரு கட்டையில் பாடும் ஆண்மகனின் ஷட்ஜம் நொடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வு உடையது. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஷட்ஜம் ஏறக்குறைய 196 அதிர்வு உடையது. கச்சேரி செய்பவர் மந்தரப் பஞ்சமம் தொடங்கித் தாரப் பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி பாட வேண்டும் என்பது பொது விதி. இந்த இரண்டு ஸ்தாயியும் எந்தக் கட்டையில் சிரமமின்றி அமைகின்றனவோ அதுவே அவருடைய சுருதி.

ஆனால் இந்த விதியை எல்லாக் காலத்திலும் எல்லோரும் கைக்கொள்ள முடியவில்லை. ஒலிபெருக்கி வருவதற்கு முன், ஆயிரக்கணக்கானோர் கூடிய திருவிழாப் பந்தலிலும் நாடகக் கொட்டகையிலும் கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டுமானால், உச்ச சுருதியில் பாடியாக வேண்டும். செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்து 1933ஆம் ஆண்டிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும், அவருடன் மேடையேறிய கே.பி. சுந்தராம்பாளும் அந்த உச்ச சுருதியால் தமிழ்நாட்டையே கட்டியாண்டனர். அவர்களுக்கு இறைவன் அளித்த சாரீரம் அது. ஆயினும் அவர்களைப் பின்பற்றிய எத்தனையோ இளைஞர்கள், தம் தொண்டைக்கு ஒவ்வாத கட்டையைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகளில் குரலை இழந்திருக்கின்றனர். கள்ளக்குரல் என்று வித்வான்கள் இகழும் போலி ஒலியை எழுப்பி ஒப்பேற்றியவர்களும் உண்டு. சுருதி உயர உயரப் பெருமை உயரும் என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றி விட்டது.

மைசூருக்குத் திரும்புவோம். பிடாரம் கிருஷ்ணப்பா 1866ஆம் ஆண்டு பிறந்து 1931ஆம் ஆண்டு மறைந்தவர். கம்பீரமான சாரீரத்துக்குப் பேர்பெற்றவர். ஹரிதாசர்களின் தேவர்நாமங்களுக்குக் கச்சேரி மேடையில் உயர்ந்த இடம் தந்தவர். அவரிடம் குருகுல வாசம் செய்த மாணவருள் தலைசிறந்தவர் திருமகூடலு சௌடய்யா. காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுரத்திலிருந்து மைசூருக்கு வந்த இவர், தமிழ்நாட்டு வித்வான்கள் பலருக்கும் பக்கவாத்தியம் வாசித்தவர். எனவே தமிழ் ரசிகருக்கு இவர் அயலார் அல்லர். பின்வரிசையில் அமர்ந்தோருக்கு வயலின் செவ்வனே கேட்கவில்லை என்ற குறையைப் போக்க வேண்டி, 1920களின் பிற்பகுதியில் இவர் நான்கு தந்திகளோடு மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை அமைத்தார். பாடுகின்றவரைப் பார்த்து, "உமது சுருதியை என் வாத்தியத்துக்கு ஏற்ப மாற்றும்" என்று அவர் கூறவில்லை, வாத்தியத்தையே மாற்றினார்.

இது சௌடய்யா ஒருவருடைய பெருந்தன்மை மட்டுமன்று. நம் கச்சேரி தர்மமே அதுதான். மேனாட்டு வயலின் எந்நாட்டிலும் ஒரே அளவில் முறுக்கப்படுவது. நம் வயலினோ, அன்றைக்குப் பாடுகின்றவரின் ஷட்ஜ பஞ்சமங்களுக்கு ஏற்ப இறக்கப்படும் அல்லது ஏற்றப்படும். மிருதங்க வித்வான் தணிந்த சுருதிக்குத் தக்கு மிருதங்கமும், உயர்ந்த சுருதிக்கு ஹெச்சு மிருதங்கமும் என இரண்டு வைத்திருப்பார். கடம் வாசிப்பவர் சுருதி வாரியாகப் பல கடங்களைச் சேர்த்து வைத்திருப்பார். மேடையில் உள்ள அத்தனை பேரும் ஒரு குரலைத் தேடி வந்து சேர்கின்றனர். தனி ஒருவர் பாடும் சங்கீதத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நினைக்கவும் முடியாது.

இனி, ஒலிபெருக்கி இந்த வரலாற்றில் செய்த மாறுதலைக் காண்போம். மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலஸ்வாமி 1935ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு ஆகாசவாணி என்ற பெயர் வழங்கியது. பிற்காலத்தில் அகில இந்திய வானொலியே அப்பெயரை ஏற்றது என்பது நேயர்கள் அறிந்ததே. ஒலிவாங்கியின் முன் அமர்ந்த பாடகர் ஓர் உண்மையை உணர்ந்தார். இனிக் கடைசி வரிசை என்பது இல்லை; கேட்பவர் காது ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது; கூவ வேண்டிய தேவை ஒழிந்தது. ஆண்களின் சுருதி படிப்படியாக இறங்கித் தன் இயல்பான இடத்தில் அமர்ந்தது. மந்தர ஸ்தாயியின் நுணுக்கங்கள் கச்சேரியில் கேட்கத் தொடங்கின.

இந்த மாறுதலால் நாம் பெற்ற செல்வங்களுள் ஒருவர் எம்.டி. ராமநாதன். பாலக்காட்டுப் பக்கத்தில் 1923ஆம் ஆண்டு பிறந்து, சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்றவர். ஆண்களுள்ளும் மிகத் தாழ்ந்த சுருதியில், மிகத் தாழ்ந்த காலத்தில் பாடுவது அவர் வழி. முந்திய தலைமுறையின் பந்தல்களில் அச்சாரீரம் முதல் பத்து வரிசையைத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே. "இன்னும் இரண்டு கட்டை ஏற்றிப் பாடு" என்று அவரை யாரேனும் வற்புறுத்தியிருந்தால், அந்த ஆழ்ந்த ஒலியின் அழகு உலகுக்குத் தெரியாமலே போயிருக்கும். பெண்களில் டி.கே. பட்டம்மாளின் கம்பீரக் குரலும் இத்தகையதே. கீச்சுக்குரலே பெண்குரல் என்று எண்ணியிருந்தவர்கள் அவர் பாட்டைக் கேட்டுத் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர்.

இதுவரை கண்டது நம் நெறி. பாட்டு ஒன்று, குரலும் ஒன்று. ஆகவே பாட்டையே குரல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறோம். மேனாட்டார் நெறி வேறு. அவர்கள் கோயில்களில் பலர் கூடிப் பாடும் சங்கீதத்தை வளர்த்தவர்கள். அங்கே ஒரே சமயத்தில் நான்கு வேறு மெட்டுகள் இசைந்து ஒலிக்கும். பெண்களின் உச்சக் குரல் ஸொப்ரானோ, தணிந்த குரல் ஆல்ட்டோ, ஆண்களின் உயர்ந்த குரல் டெனர், தாழ்ந்த குரல் பேஸ் என நான்கு வரிசைகள் வகுத்தனர். எழுதப்பட்ட சுரத்தை அவ்வளவு எளிதில் இறக்கவோ ஏற்றவோ முடியாது. ஏனெனில் ஒரு வரிசைக்காக இறக்கினால் மற்றொரு வரிசை அடிமட்டத்துக்குப் போய்விடும். எனவே அவர்கள் பாட்டை இருந்த இடத்தில் இருக்கவிட்டு, பாடுகின்றவரை ஒரு வரிசையிலிருந்து மற்றொரு வரிசைக்கு மாற்றினர். சுருங்கச் சொன்னால், நாம் சுருதியை மாற்றினோம். அவர்கள் ஆளை மாற்றினர்.

இந்த இரண்டாம் நெறியும் மைசூருக்குப் புதிதன்று. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனையில் கர்நாடக வாத்தியக் குழுவோடு மேனாட்டு வாத்தியக் குழுவும் இருந்தது. ஜெர்மானியரான ஆட்டோ ஷ்மிட் அதனை நடத்தினார். அவருக்குப் பின் பட்டம் பெற்ற ஜயசாமராஜேந்திர உடையார் லண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியின் பட்டம் பெற்ற பியானோ வல்லுநர். திருவையாற்றில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்று வந்த மைசூர் வாசுதேவாச்சாரியாரின் தொடர்பால் இவர் கர்நாடக சங்கீதத்திலும் ஆழ்ந்து, 94 கிருதிகள் இயற்றினார். லண்டனில் பில்ஹார்மோனியா இசைக் குழுவுக்குப் பொருளுதவி செய்து, 1948ஆம் ஆண்டில் அதன் கச்சேரிச் சங்கத்துக்கு முதல் தலைவராகவும் விளங்கினார்.

அந்த உதவியால் விளைந்த ஒரு நிகழ்ச்சி உலக இசை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. ஜெர்மானிய இசைப் புலவர் ரிச்சர்டு ஸ்ட்ராஸ் தம் வாழ்நாளின் இறுதியில் இயற்றிய நான்கு பாடல்கள், அவர் மறைந்தபின், 1950ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முறையாக அரங்கேறின. அதற்கு வேண்டிய பொருட்பொறுப்பை மைசூர் மகாராஜாவே ஏற்றார். பாடியவர் நார்வே நாட்டைச் சேர்ந்த கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட் அம்மையார். அப்போது அவருக்கு வயது 54. உலகின் முதன்மையான ஸொப்ரானோக்களுள் ஒருவராக அவர் போற்றப்பட்ட காலம் அது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1952ஆம் ஆண்டில் அதே பில்ஹார்மோனியா குழுவுடன், வாக்னர் இயற்றிய 'டிரிஸ்டனும் இஸோல்டேயும்' என்ற இசை நாடகத்தை அவர் இசைத்தட்டில் பதிவு செய்தார். நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்நாடகத்தில் இரண்டே இரண்டு உச்ச சுரங்கள் அவருடைய வயதுக்கு எட்டாதவையாக இருந்தன. அவ்விரண்டையும் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் என்ற மற்றொரு பாடகி பக்கத்தில் நின்று பாடிக் கொடுத்தார். செய்தி பின்னர் வெளியாகி, ஊர்வாய் சில காலம் மென்றது. இன்றோ அந்த இசைத்தட்டு அந்நாடகத்தின் தலைசிறந்த பதிவுகளுள் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது. இரண்டு சுரத்தை விட்டுக்கொடுத்ததால் எஞ்சிய நான்கு மணி நேரமும் உலகுக்குக் கிடைத்தது. அவ்விரண்டையும் தாமே பாடியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், அந்தத் தட்டே பிறந்திராது. உலகப் புகழ் பெற்றவருக்கே இது நேர்ந்தது என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேர்வதில் வியப்பென்ன, வெட்கந்தான் என்ன?

குரல் ஒரே நிலையில் நிற்கும் பொருளன்று. குரல்வளையிலுள்ள நாண்கள் வயது வந்த ஆண்களுக்கு ஏறக்குறைய 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளமும், பெண்களுக்கு ஏறக்குறைய 12 முதல் 17 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. நீண்ட தந்தி தாழ்ந்து ஒலிக்கும், குறுகிய தந்தி உயர்ந்து ஒலிக்கும் என்ற வீணையின் விதியே இங்கும் செல்லும். பருவம் வரும்போது ஆண்பிள்ளையின் நாண்கள் விரைந்து நீண்டு, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். பெண்பிள்ளைக்கும் சிறிது இறக்கம் உண்டு. வியன்னா நகரின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் சிறுவர் குழுவில் பாடிவந்த ஜோசப் ஹைடன், குரல் உடைந்ததும் 1749ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்டார். பாடகர் வரிசையில் இடம் இழந்த அப்பிள்ளையே பின்னாளில் இசைப் புலவராக ஐரோப்பா முழுவதும் புகழ் பரப்பினார். அவருக்கு மனவுறுதி இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது இருக்கும் என்று சொல்ல இயலாது. முதுமையிலும் குரல் மாறும்; ஸொப்ரானோ வரிசையில் நின்றவர் ஆல்ட்டோ வரிசைக்கு வருவது மேனாட்டுக் குழுக்களில் சாதாரண நிகழ்ச்சி.

மற்றோர் உண்மையையும் மறத்தல் கூடாது. மனிதரிற் பெரும்பாலோரின் குரல் உச்சமும் அன்று, தாழ்வும் அன்று, இடைப்பட்டது. நான்கு வரிசை முறையில் அந்த இடைக்குரலுக்கென்று தனி வரிசை இல்லை. ஆகவே அவர் ஏதேனும் ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டியவராகிறார். எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் குரல் தீர்மானிப்பதில்லை. எந்த வரிசையில் ஆள் குறைகிறது என்பதே தீர்மானிக்கிறது. ஆண்டுக்கணக்கில் தவறான வரிசையில் நின்று, தமக்குப் பாடவே வராது என்று முடிவு செய்துகொண்டவர்கள் எந்த நாட்டிலும் உண்டு.

நம் நெறியில் இந்தத் தொல்லை இல்லை என்று பெருமை கொள்ளலாமா? தனியாகப் பாடும் வரையில் கொள்ளலாம். கூடிப் பாடத் தொடங்கியதும் நமக்கும் அதே தொல்லை வந்துவிடுகிறது. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடும் வழக்கம் 1940களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. ஆராதனையில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று போராடி வென்ற பெங்களூர் நாகரத்தினம்மாள், மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர். அவரால் இருபாலாரும் ஒரே பந்தலில் அமர்ந்தனர். ஆனால் இருபாலாரின் தொண்டையும் ஒரே கட்டையில் அமர மறுக்கிறது. ஒரு கட்டையில் பாடினால், பெண்கள் தார ஸ்தாயியில் எட்ட இயலாமல் திணறுகின்றனர். ஐந்து கட்டையில் பாடினால், ஆண்கள் அதே நிலையை அடைகின்றனர். இடையில் ஒரு கட்டையைப் பிடித்தால் இருவருக்கும் பாதிச் சுகம், பாதிச் சிரமம்.

இதற்கு ஒரு விடை நம் முன்னோரிடமே இருக்கிறது. அதுதான் மத்தியம சுருதி. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி, குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்கள் தார ஷட்ஜத்தைத் தாண்டி உலவுவதில்லை. ஆகவே அவற்றைப் பாடும்போது தம்பூராவின் பஞ்சமத் தந்தியை மத்தியமத்துக்கு இறக்கி, அந்த மத்தியமத்தையே ஷட்ஜமாகக் கொண்டு பாடுவர். பழந்தமிழில் சொன்னால், உழை குரலாகப் பாடுதல். தாலாட்டும் காவடிச்சிந்தும் நாமாவளியும் பெரும்பாலும் இவ்வகை ராகங்களில் அமைந்தவையே. மக்கள் கூடிப் பாடிய பாட்டுகள் சிறு எல்லைக்குள் அடங்கியிருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று; எல்லோருடைய குரலும் எட்ட வேண்டும் என்ற தேவையால் நேர்ந்தது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஐந்து கட்டையில் பாடும் பெண்கள் மத்தியம சுருதிக்குச் சென்றால், அவர்களுடைய புதிய ஷட்ஜம் எங்கே விழுகிறது? சரியாக ஒரு கட்டையில். அதாவது ஆண்களின் ஷட்ஜத்துக்கு ஒரு முழு ஸ்தாயி மேலே. ஆகவே ஆண்கள் தம் வழக்கமான ஒரு கட்டையில் பாட, பெண்கள் தம் வழக்கமான ஐந்து கட்டையில் மத்தியம சுருதியாகப் பாட, இரண்டும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒன்றாகவே ஒலிக்கும். ஆண்களின் ஷட்ஜ பஞ்சமமும், பெண்களின் மத்தியம ஷட்ஜமும் ஒரே சுரங்கள். எனவே இருவருக்கும் ஒரே தம்பூரா போதும். யாரும் தொண்டையை வருத்த வேண்டுவதில்லை. யாரும் தம் சுருதியை விட்டுக்கொடுக்கவும் வேண்டுவதில்லை. சிறிய எல்லையுள்ள பாட்டுகளுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. நம் தேசிய கீதத்தையே நோக்குங்கள். 1911ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கல்கத்தாவில் முதன்முதலில் பாடப்பெற்ற அப்பாட்டு, மந்தர நிஷாதத்தைத் தொட்டு, தார ஷட்ஜத்தோடு நின்றுவிடுகிறது. ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் அடங்கியதாலன்றோ பள்ளிச் சிறுவர் முதல் முதியோர் வரை எல்லோரும் அதைப் பாட முடிகிறது!

பெரிய எல்லையுள்ள கீர்த்தனைகளுக்கோ மேனாட்டார் வழியைச் சிறிது தழுவுவதில் தவறில்லை. எல்லா வரியையும் எல்லோரும் பாட வேண்டும் என்பது கட்டாயமா? உச்சத்தில் செல்லும் சங்கதிகளை எட்டக் கூடியவர்கள் பாடட்டும். மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்ளட்டும். பஜனை மரபில் பாகவதர் ஒருவர் எடுத்துக் கொடுப்பதும், மற்றவர் வாங்கிப் பாடுவதும் இந்தப் பங்கீடுதானே? எம்.பி. ஸ்ரீனிவாசன் சென்னையில் 1970களின் தொடக்கத்தில் நிறுவிய மதராஸ் யூத் கொயர் என்ற இளைஞர் பாடற்குழு, பாரதியார் பாடல்களையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல் வரிசைகளில் பகுத்துப் பாடியது. பெரும்பாலும் முறையான இசைப் பயிற்சி இல்லாத இளைஞர்களைக் கொண்டே அவர் அதைச் சாதித்தார். ஒவ்வொருவரையும் அவரவர் குரல் நிற்கும் வரிசையில் நிறுத்தியதே அந்த வெற்றியின் அடிப்படை. நம் பாட்டும் அவர்கள் முறையும் சேரலாம் என்பதற்கு அதுவே சான்று.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இச்செய்தி தனிப் பயன் உடையது. தாய்நாட்டில் ஒரு குழந்தை பாட்டை விட்டுவிட்டாலும், தெருவும் கோயிலும் திருமண வீடும் அதன் காதில் தமிழ்ப் பாட்டைப் போட்டுக்கொண்டே இருக்கும். மைசூரிலோ நாகபுரியிலோ டில்லியிலோ வளரும் குழந்தைக்கு வாரம் ஒரு முறை கூடும் பாட்டு வகுப்பும், ஆண்டுக்கொரு முறை வரும் விழாவுமே தமிழைப் பாடும் வாய்ப்புகள். அந்த வகுப்பில் "நீ பின்னால் நின்று வாயை அசைத்தால் போதும்" என்று சொல்லப்பட்ட பிள்ளை பாட்டை மட்டும் இழக்கவில்லை. தேவாரத்தையும் திருப்பாவையையும் காவடிச்சிந்தையும் சேர்த்தே இழக்கிறது.

ஆகவே கோஷ்டி நடத்துவோர் சிலவற்றைக் கைக்கொள்ளல் நன்று. பாட்டைத் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனியே பாடச் சொல்லி, சிரமமின்றி எவ்வளவு கீழே இறங்குகிறார், எவ்வளவு மேலே ஏறுகிறார் என்று ஆர்மோனியத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பேசும் குரல் தடித்திருப்பதாலோ மெலிந்திருப்பதாலோ மட்டும் முடிவு செய்தல் கூடாது. மேலே ஏறும்போது முகவாய் உயர்வதும், கழுத்து நரம்பு புடைப்பதும், சுரம் சிறிது தாழ்ந்து ஒலிப்பதும் இடம் பொருந்தவில்லை என்பதற்கு அடையாளங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுள்ள ஆண்பிள்ளைகளைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மீண்டும் சோதிக்க வேண்டும். முன்னைய மாதம் பாடிய சுருதி இந்த மாதம் வராமற் போவது அவர்கள் குற்றமன்று. அக்காலத்தில் அவர்களுக்குக் குறுகிய எல்லையுள்ள பாட்டுகளையும், தாளம் போடும் பொறுப்பையும் தந்து, கோஷ்டியிலேயே வைத்திருத்தல் வேண்டும். இவ்வாறு இடம் மாற்றும்போது, "உன்னை இறக்கிவிட்டோம்" என்று எவரும் எண்ணாதவாறு சொல்ல வேண்டியதும் நடத்துவோர் கடமையே.

பாடுகின்றவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. சுருதியின் உயரம் புலமையின் உயரம் ஆகாது. நாலரைக் கட்டையில் தொண்டை கிழியப் பாடுவதினும், மூன்று கட்டையில் நிறைந்து பாடுவதே சுகம். உடன் பாடுகிறவர் உயர்ந்த வரிசையில் நிற்கிறார் என்பதற்காக நாமும் அங்கே நிற்க வேண்டுவதில்லை. தாழ்ந்த வரிசை இல்லாவிடில் உயர்ந்த வரிசைக்கு நிலைக்களன் ஏது? தம்பூராவின் நான்கு தந்திகளில் மிகத் தாழ்ந்து ஒலிப்பது மந்தர ஷட்ஜம். மற்ற மூன்றும் அதன்மேலன்றோ நிற்கின்றன! அடுத்த ஒத்திகைக்குச் செல்லும்போது, அவரவர் குரல் இயல்பாக நிற்கும் கட்டை எது என்பதை முதலில் கண்டறிந்து, அதை வெட்கமின்றிச் சொல்லுங்கள். பாட்டு அதன்பின் தானே வந்து சேரும்.